மைத்துனருடன் சேர்ந்து தொடங்கும் தையல் யூனிட்டுக்கு எந்தக் காகிதம் முதலில்?

திருப்பூரில் 12 மெஷின்களோடு ஜாப் ஒர்க் (அடுத்தவர் தரும் துணியைத் தைத்துக் கொடுக்கும்) யூனிட் தொடங்கப் போவதாகவும், மைத்துனர் 6 லட்சம் ரூபாய் போடுவதாகவும், உங்களிடம் ஏற்கெனவே உள்ள நான்கு ஓவர்லாக் மெஷின்களும் உங்கள் முழுநேர உழைப்பும் உங்கள் பங்கு என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதன்பின் ஜி.எஸ்.டி. கட்டாயமா, எம்.எஸ்.எம்.இ. சான்றிதழ் மட்டும் போதுமா, வேறு என்ன லைசென்ஸ் வேண்டும் என்று மூன்று கேள்விகள். கடைசி வரியில், மச்சானிடம் ஒப்பந்தம் எழுதலாம் என்றால் தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்ற தயக்கம். நீங்கள் உண்மையில் கேட்பது, நாளைக்கு யாரும் நம்மை ஒன்றும் செய்ய முடியாதபடி என்ன காகிதம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. உங்கள் மூன்று கேள்விகளும் அரசாங்கத்தைப் பற்றியவை. கொங்கு மண்டலத்தின் உரிமையியல் நீதிமன்றங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வழக்காடிய அனுபவத்தில் சொல்கிறேன்: சிறு தொழில்காரர்கள் என்னிடம் வந்ததில் லைசென்ஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டு வந்தவர்கள் குறைவு, பில் பணம் வராமல் வந்தவர்களும், கூட்டாளியோடு முறிந்து வந்தவர்களுமே மிகுதி. ஆகவே உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன்.

நீங்களும் மைத்துனரும் எதுவுமே எழுதாமல் லாபத்தைப் பிரித்துக்கொள்வது என்று பேசித் தொழிலைத் தொடங்கிவிட்டாலே, 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் பார்வையில் நீங்கள் இருவரும் பங்குதாரர்கள். நீங்கள் எழுதாமல் விட்ட இடங்களைச் சட்டமே தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளும். அந்தச் சட்டத்தின் 13-ஆம் பிரிவை ஒருமுறை படித்தால் உங்களுக்குத் தூக்கம் வராது. ஒப்பந்தம் இல்லாதபோது, யார் எவ்வளவு முதல் போட்டிருந்தாலும் லாபமும் நட்டமும் சரிபாதி; தொழிலை நடத்தும் பங்குதாரருக்குச் சம்பளம் கிடையாது; போட்ட முதலுக்கு வட்டியும் கிடையாது. காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் திறந்து இரவு பூட்டிவிட்டுப் போகும் நீங்கள் அந்த உழைப்புக்கென்று தனியாக ஒரு ரூபாய் கேட்க முடியாது. ஆறு லட்சம் போட்ட மைத்துனரும் அந்தப் பணத்துக்கு வட்டி கேட்க முடியாது. முதலுக்கு மேல் அவசரத்துக்கு யாராவது கைமாற்றாகப் போட்டால் அந்தக் கூடுதல் தொகைக்கு மட்டும் ஆண்டுக்கு 6 சதவீத வட்டி உண்டு. இருவருமே இதை எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். எழுதாமல் விட்டால் இருவருக்கும் பொருந்தாத ஓர் ஏற்பாடு தானாக அமலுக்கு வந்துவிடுகிறது என்பதுதான் இங்கே சிக்கல். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

அதைவிட நுட்பமானது அந்த நான்கு மெஷின்களின் விஷயம். அவற்றைத் தொழிலுக்குள் முதலாகக் கொண்டுவந்தீர்கள் என்றால் அவை நிறுவனத்தின் சொத்தாகிவிடும். பிரியும் நாளில் "என் மெஷினை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று டெம்போவைக் கொண்டுவந்து நிறுத்த முடியாது. அவை உங்களுடையவையாகவே இருந்து, யூனிட் உங்களுக்கு மாத வாடகை தருகிறது என்றால் கதை வேறு. இரண்டில் எது என்பதைச் சட்டம் உங்கள் நோக்கத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்கும். எழுதி வைக்காத நோக்கத்தை ஐந்து ஆண்டு கழித்து, கோபத்தில் இருக்கும் இரண்டு பேர் நீதிமன்றத்தில் எப்படி நிரூபிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எனவே பத்திரத்தில் மெஷின்களை வரிசை எண்ணோடு எழுதுங்கள். முதல் என்றால் இன்றைய தேதியில் என்ன மதிப்பு என்று இருவரும் ஒப்புக்கொண்ட தொகையைப் போடுங்கள். வாடகை என்றால் வாடகை எவ்வளவு, பழுது யார் செலவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உங்களுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, அவருடைய முதலுக்கு வட்டி எத்தனை சதவீதம், மீதி லாபம் எந்த விகிதத்தில், வங்கிக் கணக்கில் யார் கையெழுத்து, எவ்வளவு தொகைக்கு மேல் கடன் வாங்க இருவரின் சம்மதமும் வேண்டும், ஒருவர் விலக நினைத்தால் எத்தனை மாத அறிவிப்பு, மதிப்பை யார் போடுவது என்பவையும் அதில் வரவேண்டும். இன்னொன்று உண்டு, அதைப் பேச யாரும் விரும்புவதில்லை. வேறு ஏற்பாடு எழுதப்படாவிட்டால் பங்குதாரர் ஒருவர் இறந்தவுடன் நிறுவனம் கலைந்துவிடும். இருவர் மட்டுமே உள்ள நிறுவனத்தில் என்ன எழுதினாலும் ஒருவரால் தனியாகக் கூட்டாண்மையை நடத்த முடியாது என்பதால், இறந்தவரின் வாரிசைச் சேர்த்துக்கொள்வதா, அல்லது கணக்குப் பார்த்துப் பணம் கொடுத்து முடிப்பதா என்பதை இப்போதே எழுதிவிடுவது நல்லது. உங்கள் விஷயத்தில் ஒருவரின் மனைவி இன்னொருவரின் உடன்பிறந்தவர் என்பதால் இது இன்னும் முக்கியம்.

கடனைப் பொறுத்தவரை சட்டத்தில் ஐயத்துக்கே இடமில்லை. நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் முழுமையாகப் பொறுப்பு. நூல்காரருக்கோ வங்கிக்கோ தரவேண்டிய முழுத் தொகையையும் உங்கள் இருவரில் எவரிடமிருந்து வேண்டுமானாலும், அவருடைய சொந்த வீட்டை ஜப்தி செய்தும்கூட, வசூலிக்கலாம். இதிலிருந்து தப்ப எல்.எல்.பி. (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டாண்மை) அல்லது பிரைவேட் லிமிடெட் போட்டுவிடு என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. அது தவறான அறிவுரை அல்ல, ஆனால் எல்.எல்.பி.யில் ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காத ஆண்டிலும் படிவங்கள் தாக்கல் செய்தாக வேண்டும், தவறினால் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும், வங்கி கடன் கொடுக்கும்போது எப்படியும் உங்கள் இருவரின் தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்தைக் கேட்கும். 12 மெஷின் ஜாப் ஒர்க்குக்குச் சாதாரணக் கூட்டாண்மையே போதும் என்பது என் கருத்து. சொந்த பிராண்டில் சரக்குப் போட்டு வெளியூருக்குக் கடனில் விற்கத் தொடங்கும் நாளில் இதை மறுபரிசீலனை செய்யுங்கள். மனைவியை மட்டும் தனி உரிமையாளராகக் காட்டி ஜி.எஸ்.டி. எடுத்துவிட்டுப் பின்னால் இருந்து இருவரும் நடத்தும் வழக்கம் நம் ஊரில் நிறைய உண்டு. அப்படிச் செய்தால் வரி நோட்டீஸும் செக் வழக்கும் அந்த அம்மாவின் பெயருக்குத்தான் வரும். அவருக்குத் தொழிலில் என்ன நடக்கிறது என்றே தெரிந்திருக்காது.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது. கூட்டாண்மை நிறுவனத்தைப் பதிவு செய்வது கட்டாயம் அல்ல என்று ஆடிட்டர் உங்களிடம் சொல்வார், அது சரியே. ஆனால் அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவு, பதிவு செய்யாத நிறுவனம் தன் வியாபார ஒப்பந்தத்தின் கீழ் வெளியாள் மீது வழக்குப் போட முடியாது என்கிறது. வெளியாள் உங்கள் மீது தாராளமாகப் போடலாம். ஒரு பங்குதாரர் மற்றவர் மீதோ நிறுவனத்தின் மீதோ ஒப்பந்த உரிமை கேட்டும் வழக்குப் போட முடியாது. நிறுவனத்தைக் கலைக்கவும், கலைந்த நிறுவனத்துக்குக் கணக்குக் கேட்கவும், அதன் சொத்தை மீட்கவும்தான் முக்கியமான விலக்கு. இந்தத் தடை நீங்கிட, வழக்குத் தாக்கல் செய்யும் நாளில் நிறுவனம் பதிவாகியிருக்க வேண்டும், வழக்குப் போடுபவர்களின் பெயர் நிறுவனங்களின் பதிவேட்டில் பங்குதாரர்களாக இருக்க வேண்டும். வழக்குப் போட்டபிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்வது அந்த வழக்கைக் காப்பாற்றாது.

இங்கேதான் பெரும்பாலானோர் குழம்புகிறார்கள். முத்திரைத்தாளில் பத்திரம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினால் அது பதிவு அல்ல. நிறுவனத்தின் பெயரில் பான் கார்டு, ஜி.எஸ்.டி. எண், நடப்புக் கணக்கு எல்லாம் இருப்பதும் பதிவு அல்ல. வருமான வரித்துறைக்குப் பங்கு விகிதம் எழுதிய பத்திரம் இருந்தால் போதும் என்பதால் எல்லாமே சரியாக நடப்பதுபோல ஆண்டுக்கணக்கில் ஓடும். இந்தச் சட்டம் சொல்லும் பதிவு என்பது பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில், நிறுவனங்களின் பதிவாளர் என்ற பொறுப்பில் அவர் வைத்திருக்கும் பதிவேட்டில் ஏறுவது மட்டுமே. பல ஆண்டுகளுக்கு முன் இரண்டு நண்பர்கள் ஒரு கோணிப்பை நிறைய டெலிவரி சலானோடு என் அலுவலகத்துக்கு வந்தார்கள். வரவேண்டிய தொகை பெரிது, ஆவணங்கள் அவ்வளவு சுத்தம். பணம் கேட்டு வழக்குப் போடுவதற்கான மூன்றாண்டுக் காலவரையறை முடிய மூன்று வாரம்தான் இருந்தது. பதிவுச் சான்று எங்கே என்று கேட்டபோது ஜி.எஸ்.டி. சான்றிதழை எடுத்துக் கொடுத்தார்கள். அந்த மூன்று வாரத்தில் பதிவு கைக்கு வரவில்லை. வாங்கியவர் கடைசியில் இரக்கப்பட்டுக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார்கள்.

பதிவாகாத நிறுவனத்துக்கு வழியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது; ஆனால் இருக்கும் வழிகள் எல்லாம் வாதத்துக்கு உரியவை. நடுவர் தீர்ப்பாய நடவடிக்கைக்கு 69-ஆம் பிரிவின் தடை பொருந்தாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அதற்கு, தகராறை நடுவரிடம் தீர்த்துக்கொள்வோம் என்ற பிரிவு உங்கள் ஒப்பந்தத்தில் இருந்திருக்க வேண்டும். செக் திரும்பிய குற்ற வழக்குக்குத் தடையில்லை என்று பல உயர் நீதிமன்றங்கள் கூறியிருந்தாலும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் நாளே அந்த ஆட்சேபணையை எழுப்பத்தான் செய்வார். வெல்லக்கூடிய வாதத்துக்காக இரண்டு ஆண்டு அலைவதைவிட, அந்த வாதமே எழாதபடி தொடக்கத்திலேயே பதிவு செய்துவிடுவது மலிவு.

ஜி.எஸ்.டி.யைப் பற்றி உங்களுக்கு யாரோ "40 லட்சம் வரை வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அது உங்களுக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டில் 40 லட்சம் என்ற எல்லை பொருள்களை மட்டுமே விற்பவர்களுக்கு. அடுத்தவர் கொடுத்த துணியைத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் சேவையாகக் கருதப்படுவதால் உங்கள் எல்லை ஆண்டுக்கு 20 லட்சம். மாதத்துக்குச் சராசரியாக 1 லட்சத்து 67 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 12 மெஷின் நின்றுபோகாமல் ஓடினால் இந்த எல்லையைத் தாண்ட அதிக நாளாகாது. தாண்டிய 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நடுவே சொந்தமாகச் சரக்குப் போட்டு ஒரு பெட்டி பனியனைக் கேரளத்துக்கு விற்றாலும், விற்றுமுதல் எவ்வளவு சிறிதானாலும் பொதுவாகப் பதிவு கட்டாயமாகிவிடும். பதிவு இல்லாதபோது பில்லில் வரி போட்டு வசூலிப்பது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. விகிதங்களும் கணக்குத் தாக்கலும் என் துறை அல்ல; அவை அடிக்கடி மாறுவதால் அந்தப் பகுதியை ஆடிட்டரிடம் விட்டுவிடுங்கள்.

எம்.எஸ்.எம்.இ. சான்றிதழ் என்று நீங்கள் சொல்வது 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவு. அது லைசென்ஸ் அல்ல, எனவே "அது மட்டும் போதுமா" என்ற கேள்விக்கு விடை இல்லை என்பதே. ஆனால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். அரசுத் தளத்தில் ஆதாரையும் பான் எண்ணையும் கொண்டு இலவசமாக முடிகிற வேலை. கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல. இதன் பலன் 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் வாங்குபவர் 45 நாளுக்கு மேல் தவணை வைக்க முடியாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. திருப்பூரில் எல்லோரும் அனுபவிக்கும் "டேமேஜ் கழிவு" தகராறுக்கும் இந்தச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது: சரக்கு கைக்கு வந்த 15 நாளுக்குள் வாங்குபவர் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால், சரக்கு வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். நான்கு மாதம் கழித்து, பணம் கேட்ட பிறகு, தையல் சரியில்லை என்று சொல்பவருக்கு இதைக் காட்டலாம். புகாரை, பாக்கித் தகராறுகளை விசாரிக்க இந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த வசதியாக்கக் குழுவிடம் இணையவழியில் கொடுக்கலாம். அங்கே உங்களுக்குச் சாதகமாக உத்தரவு வந்து எதிர்த்தரப்பு நீதிமன்றம் போனால், உத்தரவுத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும்.

ஐயம் உள்ள இடம் எதுவென்றால் பதிவு செய்த தேதி. ஒப்பந்தம் ஏற்பட்ட நாளில் பதிவு இல்லாதவருக்கு இந்தச் சட்டத்தின் பலன் அந்த ஒப்பந்தத்துக்குக் கிடைக்காது என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 2021-இல் தெரிவித்தது. 2025 ஜனவரியில் இன்னோர் அமர்வு அதில் மாறுபட்ட பார்வை கொண்டு கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. முடிவு எப்படிப் போனாலும் உங்களுக்குச் சேதம் வராமலிருக்க, முதல் ஆர்டரை வாங்குவதற்கு முன்பே உத்யம் பதிவை முடித்து, அந்த எண்ணைப் பில்லில் அச்சடித்துவிடுங்கள். குறு, சிறு தொழில்களுக்குக் காலத்தில் பணம் தராத வாங்குபவர், அந்தச் செலவைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரியில் கழிக்க முடியும் என்ற விதி வந்தபின், உத்யம் எண் இல்லாதவரிடமே வேலை கொடுக்கலாம் என்று நினைப்பவர்களையும் பார்க்கிறேன். அந்த மாதிரியானவரிடம் வேலை எடுப்பதா என்பது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது.

லைசென்ஸ்களில் மாநகராட்சியின் தொழில் உரிமம் வேண்டும். வீட்டின் கீழ்த்தளத்தில் யூனிட் போடுவதாக எழுதியிருப்பதால் மின் இணைப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை: வீட்டு இணைப்பில் மெஷின் ஓட்டினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி அதற்குரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு போடுவார்கள்; எப்போதிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்கு. ஆட்கள் விஷயத்தில், டெய்லர், கைமடி, செக்கிங் என்று எல்லோரையும் சேர்த்து 10 பேர் ஆனால் இ.எஸ்.ஐ. வரும்; மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு நீங்கள் 3.25 சதவீதமும் அவர்கள் 0.75 சதவீதமும் கட்ட வேண்டும். 20 பேர் ஆனால் பி.எஃப். வரும். பீஸ் ரேட்டுக்கு வருபவர்கள் கணக்கில் வரமாட்டார்கள் என்பது நம் ஊர் நம்பிக்கை மட்டுமே. சட்டத்தில் அவர்களும் தொழிலாளர்கள்தான். தொழிற்சாலை என்ற வரையறை, மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் என்று 1948 சட்டத்தில் இருந்தது, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 20 ஆகியிருக்கிறது. பழைய விதிகளிலிருந்து புதியவற்றுக்கு மாறும் காலம் என்பதால், படிவம் கொடுக்கும் முன் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். சாயமோ பிளீச்சிங்கோ உங்கள் திட்டத்தில் இல்லாததால் மாசுக் கட்டுப்பாட்டுத் தலைவலிகளுக்குள் நான் போகவில்லை.

பணம் வசூலில் இரண்டு தேதிகளைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். செக் திரும்பினால் வங்கியின் தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். "அடுத்த வாரம் தருகிறேன், நோட்டீஸெல்லாம் வேண்டாம்" என்று வாங்குபவர் சொல்லும் வாரங்கள் பெரும்பாலும் இந்த 30 நாளைத்தான் தின்கின்றன. மற்றொன்று நான் முன்பே சொன்ன மூன்றாண்டு. ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் பாக்கி இவ்வளவு என்று வாங்குபவரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கிவிட்டால், காலக்கெடு முடிவதற்குள் வாங்கியதாக இருக்கும்பட்சத்தில், அந்தக் கையெழுத்துத் தேதியிலிருந்து மூன்றாண்டு புதிதாக எண்ணப்படும். டெலிவரி சலானில் வாட்ச்மேன் போட்ட கிறுக்கலைவிட அந்த ஒரு கடிதம் எனக்கு நீதிமன்றத்தில் அதிகம் உதவியிருக்கிறது.

மைத்துனர் தப்பாக நினைப்பாரோ என்ற உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். அவரிடம் நம்பிக்கையைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆடிட்டர் கேட்கிறார் என்று சொல்லுங்கள். அது பொய்யும் அல்ல. கூட்டாண்மை நிறுவனத்துக்கு வருமான வரி முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம். உங்களுக்குத் தரும் சம்பளத்தையும் அவர் முதலுக்குத் தரும் வட்டியையும், வட்டியில் 12 சதவீதம் வரை, செலவாகக் கழித்துக்கொள்ள வேண்டுமானால் அவை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாயால் பேசியது செல்லாது. 2025 ஏப்ரலிலிருந்து இந்தத் தொகைகள் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனமே 10 சதவீதம் பிடித்து வரித்துறைக்குக் கட்டவும் வேண்டும். ஆகவே பத்திரம் இல்லாவிட்டால் இருவருமே வரியில் இழப்பீர்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லி, மைத்துனரையும் ஆடிட்டர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய் உட்கார வையுங்கள். மெஷினும் விலகலும் வாரிசும் அந்த மேஜையிலேயே பேச்சுக்கு வரட்டும். பத்திரத்தில் மை காய்வதற்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கான விண்ணப்பத்திலும் இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.